சேலத்தில் இருபது மாடி: கான்கிரீட் சட்டகமா, எஃகுச் சட்டகமா?

சேலம் ஐந்து ரோடு, ஓமலூர் சாலை போன்ற நெரிசலான பகுதிகளில் இருபது மாடிக் கட்டடம் எழுப்ப நினைப்பவர், கம்பி கட்டி வார்க்கும் கான்கிரீட் சட்டகமா, பட்டறையில் தயாராகி வந்து போல்ட்டால் பிணைக்கப்படும் எஃகுச் சட்டகமா என்பதை முதலிலேயே முடிவு செய்தாக வேண்டும். உருக்காலை உள்ள ஊராயிற்றே, எஃகு மலிவாகக் கிடைக்காதா என்று கேட்பவர்கள் உண்டு. கஞ்சமலை அடிவாரத்து ஆலை பெயர் பெற்றிருப்பது துருப்பிடிக்காத எஃகுத் தகடுகளுக்கு. தூணுக்கும் உத்தரத்துக்கும் வேண்டிய கனத்த ஐ-பீம்கள் வெளிமாநிலங்களிலிருந்துதான் வந்து சேர வேண்டும். கான்கிரீட்டுக்கோ சங்ககிரியில் சிமென்ட், மேட்டூர் அனல் மின் நிலையத்தில் ஃப்ளை ஆஷ் எனும் நிலக்கரிச் சாம்பல், சுற்றுவட்டாரக் குவாரிகளில் ஜல்லியும் எம்-சாண்டும் என்று எல்லாம் அருகிலேயே இருக்கின்றன.

வேகத்தில் எஃகை மிஞ்ச முடியாது. நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடம் 102 மாடிகளோடு பதினான்கு மாதங்களுக்குள் எழுந்து 1931-இல் திறக்கப்பட்டதற்கு அதன் எஃகுச் சட்டகம் ஒரு முக்கியக் காரணம். கான்கிரீட்டில் ஒவ்வொரு தளமும் சென்ட்ரிங் அடித்து, கம்பி கட்டி, வார்த்து, இறுகும்வரை முட்டுகளைத் தாங்கவிட்டுத்தான் மேலே போக முடியும்.

வேகத்தைவிடச் சேலத்தில் சிக்கலானது சாலைதான். 500 சதுர மீட்டர் தளத்தை 150 மில்லிமீட்டர் கனத்தில் வார்க்க, உத்தரங்களைச் சேர்க்காமலே 75 கன மீட்டர் கான்கிரீட் தேவை. ஆறு கன மீட்டர் கொள்ளும் ரெடிமிக்ஸ் லாரி என்றால் பதின்மூன்று நடை. கலந்த இரண்டு மணி நேரத்துக்குள் கொட்டி முடிக்க வேண்டிய கலவை நாலு ரோட்டு நெரிசலில் சிக்கினால், முன்பு கொட்டியது இறுகிவிட, அடுத்து வருவது அதனோடு ஒட்டாமல் தளத்தின் குறுக்கே பலவீனமான இணைப்பு விழும். ஆகவே வார்ப்பை இரவில் வைத்துக்கொள்வது நல்லது, அக்கம்பக்கத்தார் தூக்கத்துக்கு என்ன பதில் சொல்வது என்பது தனிக்கதை. எஃகுக்கு இந்த அவசரம் இல்லை. ஆனால் பன்னிரண்டு மீட்டர் பீம் ஏற்றிய டிரெய்லர் செவ்வாய்ப்பேட்டைத் தெருக்களில் திரும்புவது அரிது. நீளத்தைக் குறைத்து அனுப்பினால், இணைப்புகளும் அவற்றைச் சோதிக்கும் செலவும் கூடும்.

எஃகுக் கட்டடம் எடை குறைவு, அதனால் அடித்தளச் செலவு மிச்சம் என்ற வாதம் சென்னையின் களிமண் பகுதிகளில் வலுவானது. சார்னோகைட், நைஸ் வகைக் கடும்பாறை பல இடங்களில் அதிக ஆழமின்றியே தட்டுப்படும் சேலத்தில் அந்த மிச்சம் சொற்பம். நிலவறை தோண்டும் செலவு இருவகைக்கும் பொது: ஒட்டி ஒட்டி வீடுகள் இருக்கும் இடத்தில் வெடி வைப்பது ஆபத்து என்பதால் பிரேக்கர் வைத்துத்தான் பாறையை உடைக்க வேண்டியிருக்கும்.

தீயைப் பொறுத்தவரை, சுமார் 550 டிகிரி செல்சியஸில் எஃகு தன் வலிமையில் பாதியளவை இழந்துவிடும் என்பதால், தீத்தடுப்புப் பூச்சு கட்டாயம். கான்கிரீட் சட்டகத்தில் கம்பியை மூடியிருக்கும் கான்கிரீட் உறையே அந்தக் காவலைப் பெருமளவு செய்கிறது.

கோலாலம்பூரில் 452 மீட்டர் உயர பெட்ரோனாஸ் கோபுரங்களைக் கட்டியபோதும் இதே கேள்வி எழுந்தது. எஃகை இறக்குமதி செய்யும் செலவையும், உள்ளூர் ஒப்பந்தக்காரர்களுக்குக் கான்கிரீட்டில் இருந்த பழக்கத்தையும் எண்ணி, தூண்களையும் மையச் சுவரையும் உயர்வலிமைக் கான்கிரீட்டில் வார்த்தார்கள். தளங்களுக்கு எஃகு உத்தரம் வைத்தார்கள். கம்பி கட்டவும் சென்ட்ரிங் அடிக்கவும் ஆள் கிடைக்கிற சேலத்துக்கும் கான்கிரீட்டே பொருந்தும் என்பது என் கணிப்பு. தூண் இடைஞ்சலின்றி அகன்ற மண்டபம் வேண்டும் இடத்திலும், பழைய கட்டடத்தின் மேல் கூடுதல் மாடி ஏற்றும் இடத்திலும் மட்டும் எஃகை நாடலாம்.

கான்கிரீட்டைத் தேர்ந்தால், திரும்பத் திரும்பப் பயன்படும் வார்ப்பு அச்சுகளான அலுமினிய ஷட்டரிங்கை விசாரித்துப் பார்க்க வேண்டும். ஒரு தளத்தை ஏறக்குறைய பத்து நாளுக்குள் முடித்து, எஃகின் வேகத்தோடு உள்ள இடைவெளியை அது வெகுவாகக் குறைக்கும். அதன் முதலீடு மாடிகள் ஒரே அமைப்பில் திரும்பத் திரும்ப வந்தால்தான் தேறும் என்பதால், கீழ் மாடிகளில் கடைகளும் மேலே வீடுகளும் அமைப்பவர் வீட்டு மாடிகளுக்கு மட்டும் அதை வாங்குவது போதும்.