பழைய ஆர்கேட் கேம் கலெக்ஷன், ரப்பர் மாத்தியும் தீராத ஒரு கடுப்பு

போன வாரம் என்னோட கைக் கன்சோலைப் பிரிச்சு டி-பேடுக்கு (திசையை மாத்துற பிளஸ் வடிவ பட்டன்) அடியில இருக்குற ரப்பரை மாத்தினேன். பழசு ஒரு பக்கம் கிழிஞ்சே போயிருந்துச்சு, இடது பக்கம் அழுத்தினா பஞ்சுல விரல் வெச்ச மாதிரி இருக்கும். இதைக் கேள்விப்பட்ட ஃப்ரெண்ட் ஒருத்தன், "மச்சி, அந்தப் பழைய ஆர்கேட் கேம் கலெக்ஷனை இன்னுமா ஆடுற? செகண்ட் ஹேண்ட்ல ஒண்ணு வருது, வாங்கலாமா?"ன்னு கேட்டான். ரெண்டு வரில பதில் போடலாம்னு உக்காந்தேன், அது இவ்ளோ நீளமாயிடுச்சு.

அந்தக் காலத்துல கடையில காசு போட்டு ஆடின பெட்டி மெஷின் கேம்களோட தொகுப்பு தான் இது. உள்ள என்னென்ன கேம், கிராபிக்ஸ் எப்படி, சத்தம் எப்படின்னு எல்லாம் நிறைய பேர் எழுதிட்டாங்க, ஒரிஜினல் மாதிரியே தான் இருக்கு, அதுல குறை இல்ல. எனக்கு இத்தனை வருஷமா இருக்குற பிரச்சனை ஒண்ணே ஒண்ணு. பேக்மேன்ல திரும்புறது. சந்து சந்தா இருக்குற மேப்புல, துரத்துற பேய்ங்ககிட்ட மாட்டாம புள்ளியெல்லாம் தின்னுற கேம் அது.

சிரிக்காதீங்க. 1980ல வந்த அந்த மெஷின்ல இருந்த ஜாய்ஸ்டிக் நாலே திசைக்குத் தான் போகும். மூலையில சாய்க்கணும்னு நினைச்சாலும் முடியாது, அடியில தடுப்பு இருக்கும். கேமையும் அதை நம்பித் தான் எழுதியிருக்காங்க. ஆனா கையில இருக்குற டி-பேட் எட்டு திசை. கட்டைவிரலை மேல இருந்து வலது பக்கம் உருட்டும்போது நடுவுல ஒரு கண நேரம் ரெண்டுமே அழுந்தும். அந்தக் கணத்துல என் கன்சோல்ல பேக்மேன் புது திசையைக் கண்டுக்காம போன வழியிலயே போய்க்கிட்டு இருக்கும். கண நேரம் தானேன்னு தோணும், ஆனா இந்த கேம்ல அந்தக் கணத்துல தான் உயிரே இருக்கு.

ஏன்னா பேக்மேன் மூலையில திரும்பும்போது நடுப்புள்ளி வரைக்கும் போய் நிக்கணும்னு அவசியம் இல்ல, கொஞ்சம் முன்னாடியே பட்டனை அழுத்திட்டா குறுக்கால வெட்டிக்கிட்டுத் திரும்பும். பேய்ங்களால இது முடியாது, அதுங்க நடுப்புள்ளி வரைக்கும் போய் தான் திரும்பும். அதனால ஒவ்வொரு திருப்பத்துலயும் ஒரு இம்மி அளவு நமக்கு லாபம். முதல் லெவல்லயே பாருங்க, புள்ளியைத் தின்னுக்கிட்டே போனா நாம பேயை விட மெதுவு, காலிப் பாதையில தான் நமக்கு வேகம் அதிகம். அப்போ புள்ளி நிறைஞ்ச பாதையில துரத்துற பேய்கிட்ட இருந்து தப்பிக்க நல்ல வழி திருப்பம் தான். நாலு திருப்பம் ஒழுங்கா வெட்டினா பின்னாடி சிவப்பு பேய் கண்ணு முன்னாடியே பின்தங்குறது தெரியும். இதை நான் கண்டுபிடிச்சதே வாங்கி மூணு வருஷம் கழிச்சு தான், அது வரைக்கும் சும்மா ஓடிக்கிட்டு இருந்திருக்கேன். தெரிஞ்ச அன்னைக்கு ராத்திரி தூங்கவே இல்ல. நாப்பது வருஷத்துக்கு மேல ஆன கேம், 240 சின்னப் புள்ளி, நாலு பெரிய புள்ளி, ஒரே மேப், அதுக்குள்ள இன்னும் ஒரு கதவு தொறக்குதுன்னா!

அந்தக் கதவைத் தான் டி-பேட் மூஞ்சியில சாத்துது. தெரியாம இருந்தப்போ கடுப்பே இல்ல, தெரிஞ்ச பிறகு தாங்க முடியல.

நேத்து நடந்ததைச் சொல்றேன். லெவல் 11, மணி படம் போட்ட போனஸ் வந்திருக்கு, தின்னா 3000 பாயிண்ட். அது பேய் வீட்டுக்கு, அதாவது பேய்ங்க கிளம்பி வர்ற நடுப்பெட்டிக்கு, நேர் கீழ இருக்குற சந்துல வரும். நான் இடது பக்கப் பாதையில மேல ஏறி வரேன், வலது பக்கம் ஒரே ஒரு திருப்பம், அவ்ளோ தான். விரலை உருட்டுறேன். திரும்பல. நேரா மேல பேய் வீட்டை ஒட்டி ஏறிடுச்சு, அங்க ரோஸ் கலர் பேய் எதிர்ல வருது. அது நமக்கு நாலு கட்டம் முன்னாடி குறி வெச்சு வர்ற ஆளு, அது மேல தப்பு சொல்ல முடியாது. கடைசி உயிரு. புது ரப்பர் போட்டு ஒரு வாரம் கூட ஆகல, அதனால ரப்பர் மேலயும் பழி போட முடியல.

நியாயமா பேசணும்னா இதைச் சரி பண்றது பெரிய வேலை இல்ல, கடைசியா அழுத்தின திசையை மட்டும் எடுத்துக்கோன்னு ஆப்ஷன்ல ஒரு வரி போதும். உயிரு எத்தனைன்னு மாத்தலாம், 10000க்கு போனஸ் உயிரா 20000க்கான்னு மாத்தலாம், திரையோரத்துல ஒட்டுறதுக்குப் படம் வேற விதவிதமா குடுத்திருக்காங்க. இது மட்டும் இல்ல. படம் வரைய ஆள் இருந்திருக்கு, ஒரு தடவை உக்காந்து ஆடிப் பாக்க ஆள் இல்ல போல.

திரையைச் சாய்ச்சு ஆடுற வசதி இருக்கு, அந்தக் காலத்து மெஷின்ல திரை நெட்டுக்குத்தா இருக்கும்ல, அகலம் 224 பிக்சல், உயரம் 288, என் கன்சோல் திரையோட உயரம் 272 தான். படுக்க வெச்சு ஆடினா படத்தைச் சுருக்கணும். சாய்ச்சுப் பிடிச்சா படம் கண்ணுல ஒத்திக்கலாம், ஆனா மணிக்கட்டு கதறும். ரெண்டு நாள் ஆடினேன், விட்டுட்டேன்.

மத்த கேம்ல இந்தத் தொல்லை இல்லைங்குறதையும் சொல்லணும். கேலகாங்குற விண்கப்பல் சுடுற கேம்ல இடம் வலம் மட்டும் தான், அதனால அது இதுல அருமையா இருக்கு. நம்ம கப்பலை எதிரிகிட்ட வேணும்னே பிடிச்சுக்கக் குடுத்து, அப்புறம் மீட்டு ரெட்டைக் கப்பலா சுடுற சுகம் இன்னும் குறையல. போனஸ் ரவுண்டுல நாப்பதையும் சுட்டு 10000 பாயிண்ட் வாங்கின அன்னைக்கு வீட்ல யாரும் கண்டுக்கல, அது வேற விஷயம். மண்ணைத் தோண்டிக்கிட்டே போற டிக் டக் கேம்ல நாம நடந்தா தான் பாட்டு வரும், நின்னா பாட்டும் நின்னுடும். பெட்டுல படுத்துக்கிட்டு ஹெட்போன்ல ஆடும்போது தான் இது எனக்கு உறைச்சுது, மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நிக்குற மாதிரி ஒரு அமைதி. கூட்டமும் சத்தமுமா இருந்த ஆர்கேட்ல இது யாருக்காவது கேட்டிருக்குமான்னு தெரியல. பாதில கன்சோலைத் தூங்க வெச்சுட்டு மறுநாள் அதே இடத்துல இருந்து தொடரலாம். காசு போட வேண்டாம், ஒரு பட்டன் அழுத்தினா காசு விழுற சத்தம் வரும், அந்தச் சத்தத்துக்காகவே சும்மா பத்து தடவை அழுத்துவேன்.

இவ்ளோ சொல்லிட்டு ஃப்ரெண்டுக்கு என்ன பதில்னா, வாங்காத. போன மாசம் கேட்டிருந்தா கண்ணை மூடிக்கிட்டு வாங்குன்னு சொல்லியிருப்பேன், நேத்து அந்த மணி போகாம இருந்திருந்தா இன்னைக்கும் அதையே தான் சொல்லியிருப்பேன்.

மீறி வாங்குனா சொல்லு. ரப்பர் ரெண்டா தான் வந்துச்சு, ஒண்ணு பிரிக்காம அப்படியே இருக்கு.