சுவரில் ஒட்டும் தட்டை ஆன்டெனா: மூன்று வாரப் பயன்பாட்டுக்குப் பின்

கட்டணமில்லாமல் வானலையில் வரும் டிஜிட்டல் தொலைக்காட்சியைப் பார்ப்பதற்காக, அட்டை போன்ற தட்டையான ஆன்டெனா ஒன்றை வாங்கி மூன்று வாரங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். அதனுடன் 3 மீட்டர் கேபிளும், யுஎஸ்பி வழியே மின்சாரம் பெற்று சிக்னலைப் பெருக்கும் பூஸ்டரும் வந்தன. பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்டிருந்த தொலைவுக் கணக்கை நான் பொருட்படுத்தவில்லை. நடுவே கட்டடங்களும் குன்றுகளும் பூமியின் வளைவும் மறைத்து நிற்கையில், அறைக்குள் தொங்கும் ஒரு தகட்டுக்கு அத்தனை தூரம் எட்டாது.

முதல் நாள் தொலைக்காட்சிப் பெட்டியின் பின்புறத்திலேயே ஒட்டிவிட்டுத் தேடியதில் 9 சேனல்கள் கிடைத்தன. ஒளிபரப்புக் கோபுரம் இருக்கும் திசையைப் பார்த்த ஜன்னலில், ஆள் உயரத்துக்குச் சற்று மேலே ஒட்டி மறுபடியும் தேடியதும் 21 ஆயின. ஆன்டெனா அதேதான், மாறியது இடம் மட்டுமே. வெப்பத்தைத் தடுக்க உலோகப் பூச்சிட்ட கண்ணாடி உள்ள வீடுகளில் ஜன்னல் இவ்வளவு கைகொடுக்காது.

பூஸ்டரைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். தொலைக்காட்சியின் அமைப்புப் பக்கத்தில் சிக்னலின் வலிமை, தரம் என இரண்டு அளவுகள் தெரியும். பூஸ்டரை இணைத்ததும் வலிமை 58இலிருந்து 84க்கு ஏறியது. தரமோ 70இலிருந்து 40க்கு இறங்கி, செய்தி வாசிப்பவரின் முகம் சதுரம் சதுரமாகச் சிதறி அப்படியே உறைந்து நின்றது. கோபுரம் அருகில் இருக்கும் இடத்தில், ஏற்கெனவே போதுமான அளவு வரும் சிக்னலை மேலும் பெருக்கினால், தொலைக்காட்சிக்குள் சிக்னலை வாங்கிச் சேனலைப் பிரித்தெடுக்கும் ட்யூனர் திணறிவிடுகிறது. மேலும், பூஸ்டர் சிக்னலோடு இரைச்சலையும் சேர்த்தே பெருக்குகிறது. அனலாக் காலத்தில் சிக்னல் குறைந்தால் புள்ளிகளுக்கு நடுவேயாவது படம் தெரியும். டிஜிட்டலில், வழியில் சிதைந்த தகவலைச் சரிசெய்யும் பிழைதிருத்தம் தாங்கும் வரை படம் பளிச்சென்று இருக்கும், அந்த எல்லையைத் தாண்டினால் ஒன்றுமே இருக்காது என்பதால், வலிமையைவிடத் தரத்தின் எண்ணையே கவனிக்க வேண்டும்.

இன்னொரு குறை இதன் அளவிலேயே இருக்கிறது. ஆன்டெனா, பிடிக்க வேண்டிய அலையின் நீளத்தில் ஏறத்தாழப் பாதி இருந்தால் நன்றாகப் பிடிக்கும். யுஎச்எஃப் எனப்படும் உயர் அலைவரிசைப் பட்டையில் 600 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 50 சென்டிமீட்டர். அதில் பாதியான 25 சென்டிமீட்டர் இந்தத் தகட்டுக்குள் அடங்கிவிடுகிறது. அதைவிடக் குறைந்த அலைவரிசைகள் கொண்ட விஎச்எஃப் பட்டையில் 200 மெகாஹெர்ட்ஸ் அலைக்கோ பாதி நீளமே 75 சென்டிமீட்டர். ஆகவே அந்தப் பட்டையில் வரும் இரண்டு சேனல்கள் எனக்கு அவ்வப்போது அறுபடுகின்றன. பழைய முயல்காது ஆன்டெனாவின் நீட்டக்கூடிய கம்பிகள் அவற்றை இதைவிட நன்றாகவே பிடிக்கின்றன.

கேபிளை ஆன்டெனாவிலிருந்து கழற்ற முடியாதபடி ஒட்டியிருப்பது எரிச்சல் தருகிறது, ஏனெனில் என் ஜன்னலுக்கு இன்னும் அரை மீட்டர் தேவைப்பட்டு, இணைப்பான் வைத்து நீட்ட வேண்டியதாயிற்று. உடன் தந்த ஒட்டுப்பட்டை நான்காம் நாளே பிடிவிட்டுப் போனது. கோபுரத்துக்கு அருகில் இருப்பவர்கள் பூஸ்டர் இல்லாத மலிவான வகையையே வாங்கலாம்; என்னுடைய பூஸ்டர் பெட்டிக்கே திரும்பிப் போய்விட்டது.