முன்னால் துணி, பின்னால் தையல் மெஷின்

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் தீபாவளித் துணி என்றால் ஈப்போவுக்குப் பஸ் ஏறுவதுதான் பலருக்கும் பழக்கம். அதையும் மீறி, சுற்றுவட்டாரப் பெண்கள் ஐந்தாறு பேர் வடிவமைத்த உடைகளை மட்டுமே வைத்து இங்கே ஒரு சின்னக் கடை ஓடுகிறது. 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்ததும் சாத்திய கதவு மறுபடி திறந்தது. கைப்பேசி நேரலையில் முப்பது வெள்ளிக்குப் பஞ்சாபி சூட் விற்கும் இந்தக் காலத்திலும் திறந்தே இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து வரும் 500 வெள்ளிக்கு உட்பட்ட இணையச் சரக்குக்கு 2024 ஜனவரி முதல் 10 விழுக்காடு வரி உண்டு. ஆனால் முப்பது வெள்ளித் துணிக்கு அது மூன்று வெள்ளிதான். அதனால் எந்தக் கடையும் பிழைத்துவிடாது. இந்தக் கடையைத் தாங்குவது பின்னறையில் இருக்கும் தையல் மெஷின்.

ரெடிமேட் பிளவுஸ் ஒன்றைப் புரட்டிப் பார்த்தால் விஷயம் புரியும். பக்கத் தையலில் இருபுறமும் ஓர் அங்குலத்துக்கு மேல் துணி விட்டிருக்கிறார்கள். அதே அளவு கையின் உள்தையலிலும் இருக்கிறது. பல இடங்களில் உடம்புக்கு மட்டும் துணி விட்டுக் கையை ஒட்ட வெட்டிவிடுவார்கள். அப்புறம் பக்கத்தைப் பிரித்தாலும் கைக்குழியில் வந்து மாட்டிக்கொள்ளும். இங்கே போட்டுப் பார்த்தவுடன், "அக்கா, கையை மேலே தூக்குங்க" என்கிறார் தையல்காரர். தூக்கும்போது பிளவுஸ் மொத்தமும் மேலேறினால் கைக்குழி ஆழம் சரியில்லை என்று அர்த்தம். பில் போடுவதற்கு முன்பே ஊசி குத்திக் குறித்துக்கொள்கிறார். காட்டன் லைனிங்கை நனைத்து உலர்த்திய பிறகே வெட்டுகிறார்கள். அதைச் செய்யாவிட்டால் முதல் துவைப்பில் லைனிங் மட்டும் சுருங்கி, மேல்துணி கொப்புளம் கொப்புளமாக நிற்கும். சாட்டின் பிளவுஸை மட்டும் ஒரு சுற்று சின்னதாக வாங்கிப் பெரிதாக்க நினைக்காதீர்கள். பழைய ஊசித் துளை வரிசை அப்படியே தெரியும்.

குறை பாத்திக் சேலைகளில். மெழுகு ஓவியம் அழகுதான், ஆனால் கருநீலமும் மெரூனும் சாயம் விடுகின்றன. சாயத்தின் மேல் சோடியம் சிலிகேட் பூசி, இரவு முழுக்க ஊறவிட்டு, நன்றாக அலசிய பிறகுதான் கொதிநீரில் மெழுகை எடுக்க வேண்டும். பண்டிகை அவசரத்தில் ஊறும் நேரத்தைக் குறைத்தால் சாயம் நூலில் பிடிக்காமல் மேலாக நிற்கும். வெள்ளைக் கைக்குட்டையை ஈரமாக்கி முந்தானை ஓரத்தில் தேய்த்துப் பாருங்கள். நிறம் ஒட்டினால் வேறு எடுங்கள். கடைக்குள் மஞ்சள் விளக்கு. நிறம் பார்க்கக் கடை முன்னால் உள்ள நடைபாதைக்கு, அஞ்சடிக்குத்தான் வர வேண்டும், அவர்களே வரச் சொல்கிறார்கள்.

வடிவமைப்பாளர்களிடம் கடை எதையும் மொத்தமாக வாங்குவதில்லை. விற்றால் நூற்றுக்கு எழுபது அவர்களுக்கு, முப்பது கடைக்கு: 180 வெள்ளி உடையில் கடைக்கு 54. வாடகை, கரண்ட், தையல் கூலி எல்லாம் அதற்குள்தான். அறுபது நாளில் போகாத உருப்படி திரும்பிவிடும். முதல் முடங்காது என்பது லாபம். பெரிய துணிக்கடைகளைப் போல எல்லா அளவும் எப்போதும் கிடைக்காது என்பது நமக்கு நஷ்டம். 44-க்கு மேல் அநேகமாக எதுவும் தொங்குவதில்லை, சொல்லித் தைக்க வேண்டும். நம் பெண்களுக்காக நடத்தும் கடையில் இது சரியில்லை.

தவணை முறை மட்டும் யாரோ விவரம் தெரிந்தவர் யோசித்தது. தோட்டச் சம்பளம் அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் வந்துவிடும், தவணை நாள் 8. பாதிப் பணம் கட்டினால் உடையில் பெயர்ச்சீட்டு ஏறும். முழுதும் கட்டும் வரை உடை கடையிலேயே இருக்கும். நோட்டில் கடன் எழுதிவிட்டு லயம் லயமாக அலைந்து, கடைசியில் கடையையே மூடியவர்கள் இந்த ஊரில் உண்டு.

பிள்ளைகள் துணி சுமார். விலை ஈப்போவைவிட இருபது முப்பது வெள்ளி கூடத்தான். பிளவுஸ் சரிசெய்வது இலவசம் என்பதால் கணக்கு சமமாகிவிடும். தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போதே தையல் ஆர்டரை நிறுத்திவிடுகிறார்கள், கெஞ்சினாலும் எடுப்பதில்லை. போகும்போது உங்களுக்குச் சரியாக உட்காரும் பழைய பிளவுஸ் ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள்.