டியூப்லெஸ் டயருக்குள் டியூப் போட்டுத் தருகிறார்கள்: மோல்மேன்காரர்கள் கவனம்

மியான்மரின் மோல்மேனில் 10 இஞ்ச் சக்கர ஸ்கூட்டர் ஓட்டும் நம்மாட்கள், வண்டியிடம் போய்க் காற்றடிக்கும் வால்வைக் குனிந்து ஒருமுறை பாருங்கள். கறுப்பு ரப்பர் ரிம் துளையை இறுக்கி அடைத்திருந்தால் டியூப்லெஸ், அதாவது உள்ளே டியூப் இல்லாத டயர். மெல்லிய உலோகக் குழாய் துளையில் ஆடிக்கொண்டு, மேலே நட்டு முடுக்கியிருந்தால் உள்ளே டியூப் இருக்கிறது. வாங்கும்போது டியூப்லெஸ்ஸாக வந்த வண்டி என்றால் யாரோ கைவைத்திருக்கிறார்கள்.

என் வண்டியில் கைவைத்தது மார்க்கெட் பக்கத்துப் பஞ்சர் கடை ஒன்று. மழைக்காலம், பின் டயரில் சின்ன ஆணி. காற்று மெதுவாகத்தான் இறங்கியது. கடைக்காரர் தமிழர்தான். "டயர் உள்பக்கம் போயிருச்சு தம்பி, ஒட்டு நிக்காது. டியூப் போட்டுர்றேன், ரெட்டைப் பாதுகாப்பு" என்றார். டியூப் விலை, மாட்டும் கூலி, பழைய வால்வைக் கழற்றியதற்குத் தனிக் கூலி. அந்த வால்வையும் திருப்பித் தரவில்லை.

கொஞ்ச நாளில் தன்லுவின் ஆற்றுப் பாலத்தில் டியூப் வெடித்தது. பின்னால் அம்மா. 2005-இல் திறந்த அந்தப் பாலம் ஏறக்குறைய மூன்றரை கிலோமீட்டர். நடுவில் நின்றால் தள்ளத்தான் வேண்டும். மெதுவாக வந்ததால் விழாமல் தப்பினோம். அம்மா முனீஸ்வரனுக்கு நேர்ந்துகொண்டே கூட நடந்தார்.

அக்கரையில் மொட்டாமா பக்கம் ஒரு பர்மாக்கார மெக்கானிக் டயரைப் பிரித்துக் காட்டியபோதுதான் எனக்குக் கோபமே வந்தது. டியூப் அளவில் பெரியது, மடிந்து கிடந்தது. மடிப்பில் தேய்ந்து வெடித்திருக்கிறது. ஏற்கெனவே ஒட்டுப் போட்ட பழைய டியூப் வேறு! ஆணித் துளையை அடைக்கவே இல்லை, அதன் வழியாக மழைத்தண்ணீரும் மணலும் உள்ளே போயிருந்தன. "போயிருச்சு" என்று சொன்ன அதே டயரில் அவர் உள்ளிருந்து ஒட்டுப் போட்டு, புது வால்வு செருகி, விளிம்பைச் சுற்றிச் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தார். ஒரு குமிழி வரவில்லை. அதே டயரில்தான் இன்றும் ஓட்டுகிறேன்.

அவர் விளக்கியது இது. டியூப்லெஸ் டயரின் உள்சுவரே காற்றைப் பிடித்து வைக்கும். ஆணி ஏறினால் ரப்பர் அதைக் கவ்விக்கொள்ளும், அதனால் காற்று மெல்ல இறங்கும், வீடு வந்து சேரலாம். டியூப்பில் காற்று போனால் படக்கென்று போய்விடும். அந்த டயரின் உள்பக்கம் டியூப்புக்காகச் செய்ததல்ல. சிலவற்றில் புடைத்த வரிகள் இருக்கும். டியூப் அதில் உரசிச் சூடாகும். சிறிய சக்கரத்தில் இது இன்னும் மோசம்: 10 இஞ்ச் சக்கரத்தின் 3.50-10 டயர் ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 740 முறை சுழலும், 17 இஞ்ச் சக்கரத்தின் 2.50-17 டயர் சுமார் 570 முறைதான். சுழற்சி கூடக்கூட நெளிவும் சூடும் கூடும். டியூப்லெஸ் ரிம்மின் வால்வுத் துளை அகலம் என்றால் டியூப் வால்வு அதில் ஆடி, அடியில் கிழியும்.

பஞ்சர் கடைக்காரரிடம் திரும்பிப் போய்க் கேட்டேன். "டியூப்புன்னா வெடிக்கத்தான் செய்யும்" என்றார், ஏதோ நான்தான் அதைக் கேட்டு வாங்கின மாதிரி. பணம் வரவில்லை. கடைப் பெயர் போடவில்லை. தெருவில் இதே வேலை செய்கிற கடை அது ஒன்றுதான் என்றும் நான் நம்பவில்லை.

கம்பிச் சக்கரம் வைத்திருப்பவர்கள் பயப்பட வேண்டாம். கம்பி முடுக்கிய துளைகளில் காற்று கசியும் என்பதால் பெரும்பாலும் அதற்கு டியூப் வேண்டியதுதான், அளவு மட்டும் டயரோடு பொருந்த வேண்டும். மற்றவர்கள் பஞ்சர் போடும்போது டயரைக் கழற்றி ஓட்டையை உங்கள் கண்முன் காட்டச் சொல்லுங்கள். ஓட்டை தரையில் படும் பகுதியில் இருந்தால் பெரும்பாலும் ஒட்டலாம். பக்கச் சுவர் கிழிந்திருந்தால் டயரை மாற்றுங்கள். டியூப்பை வைத்து அதைச் சமாளிக்க எவன் சொன்னாலும் வண்டியைத் தள்ளிக்கொண்டு அடுத்த கடைக்குப் போங்கள்.