ஜே.சி. ரோட்டு உதிரிபாகக் கடையும் பின் சக்கர பிரேக் ஷூவும்

பெங்களூரில் பழைய காருக்கு உதிரிபாகம் தேடுபவர்கள் எங்கெங்கோ விசாரித்துவிட்டுக் கடைசியில் வந்து சேரும் இடம் ஜே.சி. ரோடு. டவுன் ஹாலிலிருந்து மினர்வா சர்க்கிள் நோக்கிச் செல்லும் அந்தச் சாலையின் பக்கச் சந்து ஒன்றில், ஆம்பூரிலிருந்து வந்து குடியேறிய பாய் ஒருவர் நடத்தும் சிறிய கடையில், எங்கள் மாருதி காருக்கான பின் சக்கர பிரேக் ஷூ செட்டை வாங்கினேன். ஜீவன் பீமா நகரில் எங்கள் குடியிருப்பின் வாகன நிறுத்துமிடத்தில் நானே அதை மாற்றவும் செய்தேன். கடையின் பெயரை எழுத வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டதால் இடத்தை மட்டும் குறிப்பிடுகிறேன்.

அடித்தளத்திலிருந்து மேலே ஏறும் சரிவில், ஹேண்ட் பிரேக்கை முழுவதும் இழுத்த பிறகும் கார் மெல்லப் பின்னோக்கி நகர்ந்ததுதான் எங்கள் சிக்கல். ஏற்கெனவே ஒரு பட்டறையில் ஹேண்ட் பிரேக் கேபிளை இறுக்கிக் கொடுத்திருந்தார்கள். சில வாரங்களிலேயே பழைய நிலை திரும்பிவிட்டது. இதைச் சொன்னவுடன் பாய் கேட்ட முதல் கேள்வி, "கேபிளை எவ்வளவு இறுக்கியிருக்காங்க சார்?" என்பதுதான். விலையைச் சொல்வதற்கு முன் இந்தக் கேள்வியைக் கேட்கும் கடைக்காரரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை, அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

அவர் ஏன் அப்படிக் கேட்டார் என்பது டிரம் பிரேக்கின் அமைப்பைப் பார்த்தால் விளங்கும். சக்கரத்தோடு சுழலும் கிண்ணம் போன்றது டிரம்; அதற்குள் வளைந்த இரண்டு ஷூக்கள் இருக்கும். பெடலை மிதிக்கும்போது, பிரேக் எண்ணெயின் அழுத்தத்தில் இயங்கும் வீல் சிலிண்டர் அந்த இரண்டு ஷூக்களையும் வெளிப்புறமாகத் தள்ளி டிரம்மின் உள்சுவரோடு அழுத்துகிறது. ஷூவின் மேல் ஒட்டியிருக்கும் உராய்வுப் பட்டையான லைனிங் தேயத் தேய இடைவெளி கூடும். அதைத் தானாகவே ஈடுகட்ட, ஷூக்களுக்கு நடுவே ஸ்ட்ரட் எனும் குறுக்குத் தண்டும் பல்வரிசையும் வைத்திருக்கிறார்கள். டிரம்முக்குள் கேபிள் இழுக்கும் ஹேண்ட் பிரேக் நெம்புகோல் தன் ஆரம்ப நிலைக்கு முழுமையாகத் திரும்பினால்தான் அந்தத் தானியங்கிச் சரிசெய்தல் ஒழுங்காக வேலை செய்யும். தேய்ந்த ஷூவை அப்படியே விட்டுக் கேபிளை மட்டும் இறுக்கினால் நெம்புகோல் பாதி இழுபட்ட நிலையிலேயே நின்றுவிடும், சரிசெய்தலும் நின்றுபோகும். கை லிவர் சில நாள் உயரம் குறைந்து நன்றாகவே இருப்பது போலத் தோன்றும்; உள்ளே இடைவெளி கூடிக்கொண்டே போகும்.

டிரம்மைக் கழற்றிக் கொண்டுவந்தால்தான் ஷூ தருவேன் என்று அவர் சொன்னது அன்று அலைச்சலாகத் தெரிந்தாலும், செய்தது முற்றிலும் சரி. மறுமுறை சென்றபோது வெர்னியரை எடுத்து என் கண்முன்னே உள்விட்டத்தை அளந்தார். எங்கள் டிரம்மின் புதிய அளவு 180 மி.மீ.; தேய்மானத்திற்கான உச்ச வரம்பு 182. எங்களுடையது வரம்பிற்குள் இருந்தது, ஆனால் வாய்ப்பகுதியில் லைனிங் படாத இடம் விளிம்பாக உயர்ந்து நின்றது. அதன்மேல் நகத்தை ஓட்டிக் காட்டி, அதைக் கடைந்து எடுக்கக் கலாசிபாளையம் பக்கம் உள்ள ஒரு லேத் பட்டறைக்கு அனுப்பினார். இந்த வகைக் காரில் பேரிங் டிரம்முக்குள்ளேயே இருப்பதால், கடைசல் தூள் அதில் புகாதபடி துணி அடைத்துத்தான் கொடுக்க வேண்டும் என்று எச்சரிக்கவும் மறக்கவில்லை. திரும்பி வந்ததும் புதிய ஷூவின் மீது சாக்பீஸ் தடவி, டிரம்முக்குள் வைத்து ஒரு முறை நகர்த்தினார். சாக்பீஸ் ஏறக்குறைய முழுப் பரப்பிலும் அழிந்திருந்தது. ஷூவின் வளைவு டிரம்மோடு பொருந்துகிறது என்பதற்கு அதைவிட நேரான சான்று வேண்டியதில்லை.

செட்டில் இரண்டு சக்கரங்களுக்குமான நான்கு ஷூக்கள் இருந்தன. ரிட்டன் ஸ்பிரிங், ஷூவை அதன் பின்னால் இருக்கும் தகட்டோடு பிடிக்கும் ஊசிகள், நெம்புகோலுக்கான சி கிளிப் ஆகியவற்றைத் தனியாக எடுத்துவைத்து, அவை இல்லாமல் ஷூவை மட்டும் விற்பதில்லை என்றார். வெப்பத்தில் தளர்ந்த பழைய ஸ்பிரிங் ஷூவை முழுமையாக உள்ளே இழுக்காது. புதிய லைனிங் சும்மா உரசியே தேயும். கூடுதலாகச் சில நூறு ரூபாய் ஆனது, அது நியாயமான செலவு.

வேலை சமதளத்தில்தான் நடக்க வேண்டும். முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, காரை ஜாக்கின் மீது விடாமல் ஸ்டாண்டில் இறக்கி, ஹேண்ட் பிரேக்கை விடுவித்த பிறகே தொடங்கினேன். உள்ளே படிந்திருக்கும் கருந்தூளைக் காற்றடித்தோ வாயால் ஊதியோ அகற்றக் கூடாது. பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம், எந்தத் தூளும் நுரையீரலுக்கு நல்லதன்று. முகக்கவசத்தோடு, பிரேக் கிளீனர் தெளித்து ஈரத்துணியால் துடைத்தேன். வீல் சிலிண்டரின் ரப்பர் உறையை மெதுவாகத் தூக்கிப் பார்த்தேன், உள்ளே ஈரமில்லை. ஈரம் இருந்திருந்தால் சிலிண்டரை மாற்றாமல் ஷூவை மாற்றுவது வீண், ஏனெனில் பிரேக் எண்ணெய் பட்ட லைனிங் பிடிக்காது.

ஒரு பக்கத்தை முடித்த பிறகே மறுபக்கத்தைப் பிரிக்க வேண்டும். ஸ்பிரிங் எந்தத் துளையில் மாட்டியிருந்தது என்ற ஐயம் வந்தால் மறுபக்கமே விடை சொல்லும். ஹேண்ட் பிரேக் நெம்புகோல் பழைய ஷூக்களில் பின்பக்கம் இருப்பதில் இருந்தது. அதைக் கழற்றிப் புதிய ஷூவில் பொருத்தும் இடத்தில்தான் பாய் கொடுத்த சி கிளிப் பயன்பட்டது. இடப்பக்க ஸ்ட்ரட்டும் வலப்பக்க ஸ்ட்ரட்டும் ஒன்றல்ல என்பதால் அவற்றைக் கலக்காமல் வைத்துக்கொண்டேன். தகட்டில் ஷூவின் ஓரம் உரசும் மேடுகளில் மட்டும் வெப்பம் தாங்கும் கிரீஸை மிகக் குறைவாகத் தடவினேன்.

சரிசெய்யும் வரிசையில்தான் எல்லாமே அடங்கியிருக்கிறது. கேபிள் நட்டை முழுவதும் தளர்த்திவிட்டு, டிரம்களை மாட்டி, மகளைப் பெடலைப் பலமுறை அழுத்தி மிதிக்கச் சொன்னேன். உள்ளிருந்து டிக் டிக் என்று பல் ஏறும் ஒலி வந்து, பிறகு நின்றது. பெடலும் உயர்ந்து கெட்டியானது. சக்கரம் தடையின்றிச் சுழல்கிறது என்று உறுதிசெய்த பின்பே கேபிளை இறுக்கினேன். இப்போது கை லிவரை இழுக்கும்போது ஐந்தாவது பல்லிலேயே அதே சரிவில் கார் அசையாமல் நிற்கிறது. முதல் 200 கி.மீ. தூரத்திற்கு அவசரமான பிரேக்கைத் தவிர்த்து ஓட்டியதில் கிரீச்சொலியோ ஒரு பக்கம் இழுப்போ இல்லை. டிரம்கள் இரண்டும் ஒரே அளவு சூடாகின்றன.

கடையில் குறைகளும் உண்டு. பதினோரு மணிக்கு மேல் மெக்கானிக்குகள் மொய்த்துவிடுவதால் பொறுமையான பேச்சுக்கு இடமில்லை. பில் கேட்டால்தான் கிடைக்கிறது. பிரித்த செட்டைத் திரும்ப எடுப்பதில்லை. வண்டி நிறுத்தச் சந்தில் இடமே கிடையாது, ஆட்டோவிலோ பேருந்திலோ போவதே நல்லது. காலையில் கடை திறந்ததும், கழற்றிய டிரம்மோடும் காரின் மாடல், ஆண்டு விவரத்தோடும் செல்லுங்கள். டிரம்மை அச்சோடு பிடிக்கும் நடு நட்டைச் சரியான முறுக்கு விசையில் இறுக்க டார்க் ரெஞ்ச் கையில் இல்லாதவர்கள் ஷூவை அங்கே வாங்கி, மாற்றும் வேலையை நம்பிக்கையான மெக்கானிக்கிடம் கொடுத்துவிடலாம். கேபிளைத் தளர்த்திவிட்டுத் தொடங்குகிறாரா என்று மட்டும் அருகில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.