ஃபார்மட் அடிப்பதா, பாகத்தை மாற்றிப் பார்ப்பதா? திடீரெனப் படுத்துவிடும் கம்ப்யூட்டருக்கு எந்தச் சோதனை உதவும்

நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் வீட்டுக் கம்ப்யூட்டர் திடீரென்று படுத்துவிட்டால், யாரிடம் கேட்டாலும் "ஃபார்மட் அடிச்சுப் பாருங்க" என்பார்கள். அடுத்த பதில், "ரேமை மாத்திப் பாருங்க". இவை போக இன்னும் இரண்டு வழிகள் உண்டு: விண்டோஸ் எழுதி வைத்திருக்கும் பதிவுகளைப் படிப்பது, சோதனை மென்பொருளை ஓட்டுவது. நான்கையும் நான் ஒரே கேள்வியால்தான் அளக்கிறேன். சோதனை முடிந்ததும் சந்தேகப் பட்டியல் சுருங்குகிறதா?

ஃபார்மட் அந்தக் கேள்வியிலேயே தோற்றுப்போகிறது. அதன்பின் பிரச்சினை நின்றாலும், எந்த டிரைவரால் (ஒரு பாகத்தை விண்டோஸோடு இணைந்து இயங்க வைக்கும் மென்பொருள்) வந்தது என்று தெரியாது; அதே டிரைவர் அப்டேட்டில் மறுபடி வந்து உட்காரலாம். பழைய கிராஷ் பதிவுகளும் அழிந்துவிடும். மென்பொருளா ஹார்டுவேரா என்று மட்டும் தெரிந்தால் போதும் என்றால், விண்டோஸுக்குப் பதிலாக ஓடக்கூடிய இலவச இயங்குதளமான உபுண்டு அல்லது லினக்ஸ் மின்ட்டை ஒரு பென்டிரைவில் போட்டு, இன்ஸ்டால் செய்யாமல் அதிலிருந்தே சில நாள் ஓட்டிப் பாருங்கள். அங்கேயும் அதேபோல் படுத்தால் சந்தேகம் ஹார்டுவேர் மேல், அல்லது பயாஸ் (மதர்போர்டிலேயே இருக்கும் அடிப்படை மென்பொருள்) அமைப்பின் மேல். படுக்காவிட்டால் ஹார்டுவேருக்கு விடுதலை என்று அர்த்தமில்லை. சும்மா பிரவுசர் ஓட்டுவதும் கேம் ஆடுவதும் ஒரே சுமை அல்ல.

பதிவுகளைப் படிப்பதற்குச் செலவே இல்லை, அதனால் முதலில் அதுதான். ஆனால் பலர் வழுக்கி விழும் இடமும் அதுதான். விண்டோஸ் பதிவுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரில் 'கெர்னல்-பவர் 41' என்று சிவப்பில் பார்த்ததும், பவர் என்ற பெயரை வைத்து எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்குள் மின்சாரம் தரும் பெட்டி) போய்விட்டது என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். அந்தப் பதிவு, மறுபடி ஆன் ஆன பிறகு எழுதப்படுவது. மேலோட்டமாக அது சொல்வது 'போன தடவை முறையாக ஷட்டவுன் ஆகவில்லை' என்பதை மட்டும்தான். அதைத் திறந்து, விவரங்களில் 'பக்செக் கோடு' (பிழை எண்) என்ற வரியைப் பாருங்கள். பூஜ்யம் இல்லையென்றால் புளூ ஸ்கிரீன் (விண்டோஸ் பிழை காட்டி நின்றுபோகும் நீலத் திரை) வந்திருக்கிறது. பூஜ்யம் என்றால் பெரும்பாலும் விண்டோஸுக்கு எழுதக்கூட நேரம் கிடைக்கவில்லை: மின்சாரம் அறுந்திருக்கலாம், முழுதாக உறைந்திருக்கலாம்.

புளூ ஸ்கிரீன் என்றால் விண்டோஸ் ஃபோல்டருக்குள் 'மினிடம்ப்' என்ற இடத்தில், படுத்த நேரத்து நிலையைச் சொல்லும் கோப்புகள் பெரும்பாலும் இருக்கும். மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் வின்டிபிஜி என்ற மென்பொருள் அவற்றைத் திறக்கும். ஒரே ஒரு கோப்பை வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள். அதில் பெயர் வரும் டிரைவர், சம்பவ இடத்தில் நின்றிருந்த சாட்சியாகவும் இருக்கலாம். நாலைந்து கோப்புகளை வரிசையாகப் பாருங்கள். எல்லாவற்றிலும் அதே கிராஃபிக்ஸ் டிரைவர் வந்தால் டிரைவரையோ கார்டையோ பிடிக்கலாம். ஒவ்வொன்றிலும் வேறு வேறு பிழை எண், வேறு வேறு டிரைவர் என்றால் எனக்கு முதல் சந்தேகம் ரேம்தான்.

ரேமுக்கு, விண்டோஸோடு வரும் மெமரி சோதனையைவிட, பென்டிரைவிலிருந்து பூட் ஆகும் மெம்டெஸ்ட்86-ஐயே நம்புவேன். இரவில் போட்டுவிட்டு நான்கு சுற்றும் முடிய விடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் எங்கோ கோளாறு உறுதி. பிழையே வராவிட்டால் சந்தேகம் குறைகிறது, அவ்வளவுதான். பிழை வந்தவுடன் புது ரேம் வாங்கவும் வேண்டாம். பயாஸில் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ (ரேமை வழக்கத்தைவிட வேகமாக ஓட்டும் அமைப்பு) ஆன் செய்திருந்தால் அதை ஆஃப் செய்து மறுபடி ஓட்டுங்கள். அது ஓவர்கிளாக் கணக்கில் வருவது. சாதாரண வேகத்தில் பிழை மறைந்தால், அந்த வேகத்தை மெமரி கன்ட்ரோலரோ மதர்போர்டோ தாங்கவில்லை என்றும் இருக்கலாம். பிழை நீடித்தால் ஒவ்வொரு ரேமாக ஒரே ஸ்லாட்டில் போட்டுப் பாருங்கள், பிறகு ஸ்லாட்டை மாற்றுங்கள். ரேமா ஸ்லாட்டா என்பது பிரிந்துவிடும்.

முழுச் சுமை கொடுத்துச் சோதிக்கும் மென்பொருள், ப்ராசஸருக்கு பிரைம்95, கிராஃபிக்ஸ் கார்டுக்கு ஃபர்மார்க். தனித்தனியாக ஓட்டும்போது தாங்கி, இரண்டையும் சேர்த்து ஓட்டும்போது மட்டும் அணைந்தால் எஸ்எம்பிஎஸ் பக்கம் பார்க்கலாம். ஆனால் சில மெஷின்கள் வேலையில்லாமல் சும்மா இருக்கும்போதுதான் படுக்கும்; அவற்றை இந்தச் சுமைச் சோதனைகள் பிடிக்கவே பிடிக்காது.

பிழைச் செய்தியே திசைதிருப்பும் என்பதற்கு இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் ப்ராசஸர்கள் நல்ல உதாரணம். கேம்களில் 'வீடியோ மெமரி போதவில்லை' என்று செய்தி வந்தது, கோளாறோ ப்ராசஸரில். 2024-இல் இன்டெல் மைக்ரோகோடு (ப்ராசஸரின் உள்ளே ஓடும் அடிப்படைக் கட்டளைகள்) திருத்தம் வெளியிட்டு, வாரன்டியையும் 2 ஆண்டு நீட்டித்தது. ஏற்கெனவே கெட்டுப்போன சிப்பை அந்தத் திருத்தம் சரிசெய்யாது. அப்படிப்பட்ட மெஷினை எத்தனை தடவை ஃபார்மட் அடித்து என்ன பயன்?

கடைசியாக, பாகத்தை மாற்றிப் பார்ப்பது. உறுதியான சாட்சியம் இதில்தான் கிடைக்கும், பொறுமையும் இதற்குத்தான் அதிகம் வேண்டும். ஒரு நேரத்தில் ஒரே பாகம். சராசரியாக மூன்று நாளுக்கு ஒருமுறை படுக்கும் மெஷின், எதையும் மாற்றாமலேயே மூன்று நாள் அமைதியாக இருக்க மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் வாய்ப்பு உண்டு. அதனால் வழக்கமான இடைவெளியைப்போல் மூன்று மடங்கு, அதாவது ஒன்பது நாளாவது, விட்டுப் பாருங்கள். அமைதியாக இருந்தால் பழைய பாகத்தைத் திரும்பப் போடுங்கள். மறுபடி படுத்தால் சந்தேகத்துக்குப் பெரிதாக இடமில்லை.

எஸ்எம்பிஎஸ் விஷயத்தில் மாற்றிப் பார்ப்பதைவிட நல்ல வழி வீட்டில் இல்லை. 12 வோல்ட் லைன் 11.4-க்கும் 12.6-க்கும் நடுவே இருக்கிறது என்று மல்டிமீட்டர் காட்டும். நொடியின் சிறு பின்னத்தில் விழுந்து எழுவதைக் காட்டாது. மாற்றும்போது மாடுலர் எஸ்எம்பிஎஸ் (கேபிள்களைக் கழற்றி மாட்டக்கூடியது) என்றால் பழைய கேபிள்களை அப்படியே விட்டுவிட்டுப் புதியதைச் செருகாதீர்கள். எஸ்எம்பிஎஸ் பக்க பின் அமைப்பு மாடலுக்கு மாடல் மாறலாம். பிளக் சரியாகப் பொருந்தினாலும் தப்பான லைனில் வோல்டேஜ் போய் டிஸ்க்கும் மதர்போர்டும் எரிந்துவிடலாம். புதியதோடு வந்த கேபிள்களையே போடுங்கள்.