ரத்னா கஃபே சாம்பார் இட்லி: பேருக்குத் தகுந்ததுதானா?

திருவல்லிக்கேணி ரத்னா கஃபே சாம்பார் இட்லிக்கு இத்தனை பேரும் புகழும் இருக்கிறதே, உண்மையிலேயே அவ்வளவு நன்றாக இருக்குமா என்று என்னிடம் பலர் கேட்டுவிட்டார்கள். நான் குரோம்பேட்டையில் டிபன் செய்து வீடுகளுக்கும் சின்ன விசேஷங்களுக்கும் கொடுக்கிறவள். விடிந்தால் இட்லி மாவு, சாம்பார் அண்டா என்றுதான் என் பொழுது ஓடுகிறது. அதனால் இந்தக் கேள்வி என்னிடம் வருவது நியாயம்தான். நன்றாகவே இருக்கும், தாராளமாகப் போகலாம் என்பதே என் பதில். ஆனால் எதற்காக அந்தக் கடைக்குப் பேர் வந்ததோ அதைக் கேட்டு வாங்க வேண்டும், அங்கேயே உட்கார்ந்து சாப்பிட வேண்டும். இந்த இரண்டில் ஒன்றை விட்டாலும் "இதற்கா இத்தனை பேச்சு?" என்று தோன்றிவிடும்.

கடை 1948இல் தொடங்கியது. தொடங்கியவர் ஜகதீஷ் லால் குப்தா, உத்தரப் பிரதேசத்துக்காரர். வடக்கிலிருந்து வந்த ஒருவர் சாம்பாருக்குப் பேர் வாங்கினார் என்பதில் எனக்கு ஆச்சரியத்தைவிட மரியாதைதான் அதிகம். கைப்பக்குவம் என்பது பிறந்த ஊரைப் பார்த்து வருவதில்லை. தினமும் ஒரே அளவு, ஒரே சூடு, ஒரே உப்பு என்று விடாமல் நிற்பவர்களுக்கு வருகிறது. இடமும் பொருத்தமாக அமைந்தது. திருவல்லிக்கேணி மேன்ஷன்கள் நிறைந்த பேட்டை. வெளியூரிலிருந்து வேலை தேடி வந்த பையன்கள் ஒண்டிக்கட்டையாகத் தங்கிய இடம். கையில் காசு குறைவு, பசி அதிகம். அவர்களுக்கு இரண்டு இட்லியோடு கேட்கக் கேட்கச் சாம்பார் ஊற்றிய கடைக்குப் பேர் வராமல் எப்படி இருக்கும்?

இப்போது தட்டுக்கு வருகிறேன். இட்லி வந்ததும் சப்ளையர் சாம்பாரை அதன் தலையிலேயே ஊற்றுவார். தொட்டுக்கொள்ளும் அளவுக்கு இல்லை, இட்லி முங்கும் அளவுக்கு. எனக்கு அங்கே பிடித்த காட்சி இதுதான். சாம்பார் மேலே விழுந்ததும் இட்லியின் ஓரம் மட்டும் வெள்ளையாகத் தெரியும். ஸ்பூனால் நான்காக வெட்டிவிட்டால், வெட்டிய இடத்தில் சாம்பார் உள்ளே இறங்குவது கண்ணுக்கே தெரியும். ஒரு நிமிஷம் பொறுங்கள். அந்த நேரத்தில் தட்டில் சாம்பார் மட்டம் குறைந்திருக்கும். "தம்பி, இன்னும் கொஞ்சம் விடுப்பா" என்றால் முகம் சுளிக்காமல் மறுபடி ஊற்றுகிறார்கள். நெய்யும் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். அந்தச் சூட்டில் நெய் உருகி வரும் வாசனைக்கே ஒரு வாய் கூடுதலாக இறங்கும்.

இது பார்க்கச் சுலபமாகத் தெரியும், ஆனால் செய்கிறவளுக்குத்தான் இதன் கஷ்டம் தெரியும். சாம்பார் இட்லிக்கு எல்லா இட்லியும் ஆகாது. சட்னி தொட்டுச் சாப்பிட என்றால் உளுந்தைத் தாராளமாகப் போட்டு பொசுபொசுவென்று எடுக்கலாம், வாயில் வைத்தால் கரைய வேண்டும். அதே இட்லியைச் சாம்பாரில் முக்கினால் இரண்டு நிமிஷத்தில் கூழாகிவிடும். உளுந்து குறைந்தாலோ கல் மாதிரி நின்று, சாம்பார் வெளியிலேயே தங்கிவிடும். நான் நான்கு பங்கு இட்லி அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து போடுகிறவள். சாம்பார் இட்லி ஆர்டர் வந்தால் அந்த உளுந்திலும் ஒரு பிடி குறைப்பேன், மாவையும் கொஞ்சம் கெட்டியாக வைப்பேன். அப்படியும் வெயில் நாளில் மாவு ஒரு மணி நேரம் அதிகமாகப் புளித்துவிட்டால் கணக்கு தவறிவிடும். ரத்னா கஃபேயில் இட்லி கடைசித் துண்டு வரை உடையாமல் நிற்கிறது, அதே சமயம் உள்ளே வரை சாம்பாரைக் குடித்திருக்கிறது. நாள் முழுக்க ஈடு ஈடாக இறக்கிக்கொண்டே இருக்கும் ஒரு சமையற்கட்டில் அதைச் சாதிப்பது சின்ன விஷயம் இல்லை.

சாம்பாரும் அப்படித்தான். சாப்பாட்டுக்கு ஊற்றும் சாம்பார் வேறு, டிபன் சாம்பார் வேறு. சோற்றுக்குப் புளி தூக்கலாக இருக்கலாம், இட்லிக்கு அது ஒத்துவராது. பருப்பு வெந்து கரைந்திருக்க வேண்டும், ஆனால் கெட்டியாக நிற்கக் கூடாது. கெட்டியாக இருந்தால் இட்லிக்குள் இறங்காது. அண்டாவில் நேரமாக ஆக பருப்பு இறுகும். அவசரத்துக்கு வெந்நீர் ஊற்றி நெகிழ்த்தினால் உப்பும் காரமும் போய்விடும். பேர் வாங்கிய பல ஓட்டல்கள் கோட்டைவிடும் இடம் இதுதான். காலை ஏழு மணிச் சாம்பாரும் பதினோரு மணிச் சாம்பாரும் வேறு வேறு கடையில் வாங்கியது போல இருக்கும். இங்கே நான் காலையிலும் சாப்பிட்டிருக்கிறேன், சாயங்காலமும் சாப்பிட்டிருக்கிறேன். நாக்குக்கு வித்தியாசம் தெரியவில்லை. முதலில் சின்ன வெங்காய வாசனை, அப்புறம் லேசான தித்திப்பு, கடைசியில் அடக்கமான காரம். சுள்ளென்ற காரம் தேடுகிற திருநெல்வேலி நாக்குக்கு இது சாதுவாகத் தோன்றலாம். அது ருசி வித்தியாசம், சமையலின் குறை என்று சொல்ல மாட்டேன்.

என் மாப்பிள்ளை கோயம்புத்தூர்க்காரர். அந்த ஊர் அன்னபூர்ணா ஓட்டல் சாம்பாரில் வளர்ந்தவர், அதை விட்டுக்கொடுக்கவே மாட்டார். அவரைக் கூட்டிக்கொண்டு போனபோது முதல் வாய் வைத்துவிட்டு, "அத்தை, எங்க ஊர் சாம்பார் மணமே வேறங்க" என்றார். "வேறதான் மாப்பிள்ளை, இதை இட்லியோட சேர்த்துப் பாருங்க, சாம்பாரைத் தனியாப் பார்க்காதீங்க" என்றேன். தட்டு காலியாகும் நேரத்தில், சாம்பாருக்குத் தன் ஓட்டு கோவைக்குத்தான், ஆனால் இட்லியும் சாம்பாரும் சேர்ந்த இந்தத் தட்டுக்கு அங்கே ஜோடி கிடையாது என்று ஒத்துக்கொண்டார். எனக்கும் அந்தத் தீர்ப்பு சரியாகப் படுகிறது.

பேர் பெற்ற கடை என்பதற்காக மட்டும் நான் எதையும் புகழ மாட்டேன். நகரத்தில் இன்னொரு பழைய ஓட்டல் இருக்கிறது, பேர் வேண்டாம். நெய்ப் பொங்கலுக்கு ஊரே அதைச் சொல்லும். ஆசையாகப் போய் உட்கார்ந்தால், பொங்கல் ஆறியதும் மேலே வெள்ளையாகப் படை கட்டியது. வாயில் மேலண்ணத்தில் ஒட்டியது. அது நெய் இல்லை, வனஸ்பதி என்று சமைக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சுவரில் மட்டும் பழைய போட்டோக்கள் வரிசையாக மாட்டியிருந்தன. தாத்தா சம்பாதித்த பேரைப் பேரன் செலவழிக்கிறார் என்று மனசு கஷ்டப்பட்டு எழுந்து வந்தேன். பெரியவர்கள் பாடுபட்டு வாங்கிய பேர் என்றால் தினமும் அடுப்படியில் அதற்கு வேலை செய்தாக வேண்டும். ரத்னா கஃபேயில் அந்த வேலை நடக்கிறது என்பது தட்டிலேயே தெரிகிறது.

மற்ற அயிட்டங்கள்? தோசையும் வடையும் உண்டு, நானும் சாப்பிட்டிருக்கிறேன், நன்றாகவே இருந்தன. ஆனால் அதற்காக நீங்கள் திருவல்லிக்கேணி வரை போக வேண்டாம். முதல் தடவை போகிறவர்கள் மெனுவைப் பார்த்து மனசை அலைய விடாமல் சாம்பார் இட்லி, அப்புறம் ஒரு காப்பி என்று முடித்துக்கொள்ளுங்கள். வயிற்றில் இடம் இருந்தால் வடையையும் அதே சாம்பாரில் ஊறப்போட்டுச் சாப்பிடலாம். இப்போது சென்னையில் இவர்களுக்குக் கிளைகளும் இருக்கின்றன. நான் சொல்வதெல்லாம் திருவல்லிக்கேணி நெடுஞ்சாலைக் கடையைப் பற்றித்தான்.

பார்சல் மட்டும் வேண்டவே வேண்டாம். செயலியில் ஆர்டர் போட்டு வீட்டில் வாங்கினால், இட்லி தனியாக, சாம்பார் தனியாக வந்து சேரும். வரும் வழியில் இரண்டும் ஆறிவிடும். சாம்பாரைச் சுட வைத்தாலும் ஆறிய இட்லி அதை உள்ளே வாங்காது. இட்லியையும் ஆவியில் வைத்தால் மேல்தோல் பிசுபிசுக்கும். என் வாடிக்கையாளர்களுக்கே நான் சாம்பார் இட்லியைத் தொலைதூரத்துக்கு அனுப்புவதில்லை. எந்தக் கடையின் சாம்பார் இட்லிக்கும் இதே கதிதான். அப்படி வாங்கிச் சாப்பிட்டுவிட்டு இந்தக் கடைக்கு மதிப்பெண் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலையும், சேப்பாக்கத்தில் மேட்ச் இருக்கும் நாளும் தவிர்ப்பது நல்லது. வயதானவர்களைக் கூட்டிப் போகிறீர்கள் என்றால் வார நாளில் சாயங்காலம் நான்கு மணி வாக்கில் போங்கள், நிதானமாக உட்கார்ந்து சாப்பிடலாம். கார் எடுத்துப் போனால் நிறுத்த இடம் தேடியே பசி அடங்கிவிடும். பறக்கும் ரயிலில் சேப்பாக்கத்திலோ திருவல்லிக்கேணியிலோ இறங்கி ஆட்டோ பிடித்தால் போதும், ரத்னா கஃபே என்று சொன்னாலே கொண்டுபோய் விடுவார்கள்.